சட்டையைக் கழற்றாதவருக்கு

தியோங்கேயின் அப்பாவுக்கு,

இல்லை. உங்கள் களியில் நான் எதையும் கலக்கவில்லை. மக்காச்சோள மாவு, தண்ணீர். வேறொன்றுமில்லை.

இங்கே நலம். தியோங்கேவுக்கு முன்பல் விழுந்தது. மரவள்ளி இந்த மழைக்குத் தாங்கிவிட்டது. உங்கள் நலம் கேட்க மனமில்லை. கேட்கிறேன்: இருமல் திரும்பிவிட்டதா?

இங்கே ஒரு சாவுக்கு வந்த உங்கள் படகுக்காரர் சவனாங்வா எல்லாம் சொன்னார். சிரித்துக்கொண்டே சொன்னார். நீங்கள் மீன்பிடிக்கும் தீவில் விடியலில் வலை இழுக்கையில் எல்லோரும் வெற்று மார்போடு நிற்க, நீங்கள் மட்டும் நனைந்த சட்டையோடு நின்றீர்களாம். யாரோ அதை இழுத்துக் கிழித்தார்களாம். உள்ளே மார்பு பெண்ணுக்குப்போலப் புடைத்திருந்ததாம். "என்னடா மோனே, வலைய விட்டுட்டு முதுகுல துணி கட்டிப் புள்ளையத் தூக்கு! நாங்க அழுதா எங்களுக்கும் பால் குடு!" என்றார்களாம். பிறகு ஒருவர், "பொண்டாட்டி வசிய மருந்து வச்சிருக்கா. புருஷன அடக்க வச்சது, பொம்பளையாவே ஆக்கிருச்சு" என்றாராம்.

அவர்கள் சிரித்தார்கள். நீங்கள் நம்பினீர்கள்.

நம்பி, வசியம் முறிக்கிறவரிடம் போனீர்கள். அவர் வேரைக் கொடுத்து ஆஸ்பத்திரி மாத்திரையை நிறுத்தச் சொன்னாராம். நிறுத்திவிட்டீர்கள். எச்.ஐ.வி. நிற்குமா?

நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். உங்கள் பெயரைச் சொல்லி, என் மார்பையே தொட்டுக் காட்டினேன். வசியம் முறிக்கிறவரிடம் நீங்கள் சொன்னதாகச் சவனாங்வா சொன்னபடியே சொன்னேன்: காம்புக்கு அடியில் தட்டுப்போல ஒரு கட்டி, இரண்டு பக்கமும், தொட்டால் வலி. டாக்டர் வியக்கவில்லை.

"நீங்க ரெண்டு பேரும் ராத்திரி போடுற மாத்திரைதாம்மா. சில ஆம்பளைங்களுக்கு இப்படி வரும். வசியமும் இல்ல, மண்ணும் இல்ல. நேர்ல வரச் சொல்லுங்க, தொட்டுப் பாக்கணும். அனேகமா வேற மாத்திரை மாத்திக் குடுப்போம். மெதுவா வத்தும். சிலருக்கு முழுசாப் போகாது. ஆனா அவரா நிறுத்துனா உயிருக்கே ஆபத்து" என்றார்.

மாத்திரை கொடுத்த அன்றே இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். பேனாவை மூடி, மறுபடி திறந்தார். அவர்மேலும் கோபம்தான்.

அதே கிருமி என் ரத்தத்திலும். அதே மாத்திரையை நானும் விழுங்குகிறேன். கைகால் சூம்பியது. கெட்ட கனவில் அலறி எழுந்தேன். நீங்கள் எனக்கு ஏதோ வைத்துவிட்டதாக எவரிடமும் போய்ச் சொன்னேனா?

வீட்டுக்கு வரும்போதெல்லாம் திரும்பிப் படுப்பீர்கள். என் கை பட்டால் விலகுவீர்கள். வேறொருத்தி என்று நினைத்தேன். அதுகூடத் தேவலை. அதற்கென்றால் எனக்குச் சண்டை போடத் தெரியும்.

கொஞ்சம் சதை கூடியது. அவ்வளவுதான் நடந்தது. அதற்காகச் சாகப் பார்க்கிறீர்கள்.

செத்தால், குளிப்பாட்ட வரும் ஆண்கள் அந்தச் சட்டையைக் கழற்றத்தான் போகிறார்கள். அதே படகுக்காரர்கள். உயிரோடு இருக்கும்போதே கழற்றுங்கள், டாக்டர் முன்னால்.

அடுத்த கப்பலில் வாருங்கள். திட்டுவேன். வாருங்கள். ஏரி அமைதியாக இருக்கட்டும்.

இன்னும் உங்கள் மனைவி,
தெம்வா நியாசிர்வா

*

பசை இல்லாததால் கடிதத்தின் ஓரத்தை ஊசிநூலால் தைத்தாள். கப்பல் வந்ததும் அதை யாரிடமும் கொடுக்கவில்லை. மகளைத் தங்கையிடம் விட்டுவிட்டுத் தானே ஏறினாள்.