வெயில் என்று சொன்னேன்

அண்ணா,

நேற்றுக் காலை பீளமேடு சிக்னலில் உங்கள் சைக்கிளைப் பார்த்தேன். ஹேண்டிலில் நீங்கள் சுற்றிய மஞ்சள் டேப் பாதி பிய்ந்து தொங்கியது. ஓட்டி வந்தது உங்கள் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர். தலையில் உங்கள் ஹெல்மெட். சட்டத்தில் இரண்டு தண்ணீர் பாட்டில், சீட்டுக்குப் பின்னால் இரண்டு, முதுகுப் பையில் இன்னும் இரண்டு துருத்திக்கொண்டிருந்தன. ஆறு பாட்டில் என்பது உங்களுக்கு நான் போட்டுக் கொடுத்த கணக்கு. பச்சை விழுந்தும் வண்டியைக் கிளப்பாமல் நின்றேன். பின்னால் நின்ற பஸ்காரர் ஹாரனிலேயே என்னைத் திட்டித் தீர்த்தார்.

நீங்கள் போய்ப் பதினாலு மாதம் ஆகிறது. கருமத்தம்பட்டியில் தறி ஓட்டிக்கொண்டிருந்த மனிதர், நாற்பத்தாறு வயதில், நீச்சலும் சைக்கிளும் ஓட்டமும் ஒரே நாளில் முடிக்கிற போட்டிக்குப் பேர் கொடுத்தபோது ஊரே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அதைவிட மோசமானதைச் செய்தேன். உங்களுக்குக் கோச் ஆனேன். படித்தது மெக்கானிக்கல், வேலை பம்ப் கம்பெனியில், ஊட்டச்சத்து கற்றது போனில் வீடியோ பார்த்து. முட்டி போனதால் என்னால் ஓட முடியாது. வாய் மட்டும் நன்றாக ஓடியது.

அரிசியும் பருப்பும் சாதம் உங்களுக்கு உயிர். அதில் நெய் கூடாது என்றேன். விடிந்ததும் இரண்டு வாழைப்பழம், பயிற்சி முடிந்த அரை மணிக்குள் முட்டை, சாயங்காலம் ராகிக் களி என்று ஒரு தாளில் எழுதி உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் ஒட்டினேன். பிரஷர் கொஞ்சம் கூட இருக்கிறது என்று உப்பை ஒதுக்கச் சொன்னேன். ஊறுகாய் ஜாடியை நானே எடுத்து அலமாரி உச்சியில் வைத்தேன். கடைசி வரி மட்டும் சிவப்பு மையில்: ‘தாகம் எடுக்கும்வரை காத்திருக்கக் கூடாது. கால் மணிக்கு ஒரு முறை குடிக்க வேண்டும்.’

“ஏனுங்க கோச்சு, எங்க தறி கூட இத்தனை ரூலுக்கு அடங்காதுங்க” என்று சிரித்தீர்கள். ஆனால் ஒன்று விடாமல் அடங்கினீர்கள். எனக்கு அதில் பெருமையாக இருந்தது.

அந்த ஞாயிறு, போட்டிக்கு முந்தைய ஒத்திகை. உடுமலைப்பேட்டை பக்கம் உங்கள் மச்சான் தோட்டத்துக் கிணற்றில் நீச்சல், தென்னந்தோப்புகளுக்கு நடுவே சைக்கிள், அதே ரோட்டில் ஓட்டம். நான் ஸ்கூட்டரில் தண்ணீர்க் கேனோடு பின்னாலேயே வந்தேன். நீங்கள் வேகக்காரர் இல்லை. மத்தியானம் தாண்டியும் ஓடிக்கொண்டிருந்தீர்கள். கால் மணிக்கு ஒரு முறை நிறுத்தி நிறுத்திக் கொடுத்தேன். வழியில் ஒரு மோர்க்கடை.

“உப்புப் போட்டு ஒரு டம்ளர் குடிச்சுக்கறேனுங்க.”

“உப்பு வேண்டாமுங்கண்ணா. தண்ணி குடிங்க.”

கொஞ்ச தூரத்தில் விரலைக் காட்டி, “மோதிரம் இறுக்குதுங்க” என்றீர்கள். விரல்கள் வீங்கியிருந்தன. தலை வலிக்கிறது என்றீர்கள். ஓரமாகக் குனிந்து வாந்தி எடுத்தீர்கள்; வெறும் தண்ணீராக வந்தது. நான் கற்ற பாடத்தில் தலைவலிக்கும் வாந்திக்கும் ஒரே பதில்தான்: உடம்பில் தண்ணீர் பற்றவில்லை. இன்னொரு பாட்டிலை நிறைத்தேன்.

அதற்கப்புறம் என் முகத்தைப் பார்த்து, “ஏனுங்க, எங்க ஊடு எந்தப் பக்கமுங்க?” என்று கேட்டீர்கள். முன்பின் தெரியாத ஆளிடம் வழி கேட்பதுபோல. விளையாட்டு என்று நினைத்து நான் சிரித்துவிட்டேன். அடுத்த நிமிடம் கைகால் வெட்டி இழுத்து ரோட்டில் விழுந்தீர்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு எவ்வளவு தண்ணீர் குடித்தார் என்று கேட்டார். சொன்னேன். வெறும் தண்ணீர் அளவுக்கு மீறிப் போனதில் ரத்தத்தில் உப்பு இறங்கி மூளை வீங்கிவிட்டது என்றார். வெளியே வந்தால் அக்கா ஓடி வருகிறார்.

“என்னாச்சுங்க தம்பி?”

“வெயிலுங்க அக்கா” என்றேன்.

உப்புக் குறைந்த விஷயத்தை டாக்டர் அவரிடமும் சொன்னார். வேர்வையில் போயிருக்கும் என்று அதற்கும் நான் விளக்கம் கொடுத்தேன். மூன்றாம் நாள் நீங்கள் போய்விட்டீர்கள். தண்ணீர் குடிக்காமல் வெயிலில் ஓடிச் செத்தார் என்று ஊர் பேசியது. துக்கம் கேட்க வந்தவர்களிடம் நானும் அதையே சொன்னேன். நான் கோழை, அண்ணா.

நேற்று சாயங்காலம் உங்கள் வீட்டுக்குப் போனேன். ஃப்ரிட்ஜில் என் தாள் அப்படியே இருந்தது.

“அவரு பாதியில விட்டதை நான் முடிக்கோணுமுங்க தம்பி” என்றார் அக்கா. “வர்ற ஞாயித்துக்கிழமை ஒத்திகை, அதே ரோட்டுல. தண்ணியை மட்டும் விடமாட்டேன். அவரு மாதிரி தாகத்துல போயிரக் கூடாதில்லீங்க.”

நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று தெரியும்.

“வெயில் இல்லீங்க அக்கா. தண்ணிதானுங்க. நான்தான் ஊத்தி ஊத்திக் குடுத்தேன்.”

மோர்க்கடை, மோதிரம், டாக்டர் சொன்னது, நான் மறைத்தது எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா அழவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்.

“அவரு வேண்டாம்னு சொல்லலீங்களா?”

இந்த மடலிலும் அதை விட்டுவிட்டுத்தான் எழுதிக்கொண்டு வந்தேன். சொன்னீர்கள். இரண்டு முறை “போதுங்க” என்றீர்கள். நம் பக்கத்தில் அதை யார் காதில் வாங்குகிறோம்? பந்தியில் இலைமேல் கையை விரித்து மறைத்தாலும் விரலிடுக்கில் ரசத்தை ஊற்றுவோம். ஊற்றாவிட்டால்தான் மரியாதைக் குறைச்சல். விருந்தாளியை உபசரிப்பதுபோல உங்களை உபசரித்திருக்கிறேன்.

“ரெண்டு தடவை சொன்னாருங்க” என்றேன்.

அக்கா எழுந்துபோய் அந்தத் தாளைப் பிய்த்து எடுத்தார்.

“ஞாயித்துக்கிழமை நான் எவ்வளவு குடிக்கோணும்?”

“தாகம் எடுத்தா மட்டுமுங்க. உப்புப் போட்ட மோர் வேணும்னு தோணுனா குடிங்க. விரல் வீங்குனா அங்கேயே நிறுத்திப்போட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க.”

“சரி. இனிமே இந்த ஊட்டுக்கு வராதீங்க தம்பி.”

வந்துவிட்டேன். அவர் உயிரோடு ஓடி முடித்தால் போதும், என்னை வெறுக்கட்டும்.

அவரிடமும் சொல்லாதது ஒன்று இருக்கிறது. மூன்றாவது முறை நீங்கள் பேசவில்லை. பாட்டிலின் வாயை உள்ளங்கையால் மூடிக்கொண்டீர்கள். “அட, குடிங்கண்ணா” என்று அந்தக் கையைப் பிடித்து விலக்கினேன். கொஞ்சமும் முரண்டு பிடிக்கவில்லை அது. எவ்வளவு லேசாக வந்தது என்பது இன்னும் என் கையில் இருக்கிறது.