சொரசொரப்பான தரை

அன்புள்ள அம்மாவுக்கு,

அத்தை இப்போதுதான் தூங்கினாள். போனில் பேசினால் அவளுக்குக் கேட்டுவிடும் என்று போர்வைக்குள் டார்ச் அடித்து இதை எழுதுகிறேன். காலையில் மலைக்கு மேலே போகும் தோட்ட ஜீப்பில் கொடுத்துவிடுவேன்.

அப்பா வீட்டைப் புதுப்பிக்கிறார். நீ கோபித்துக்கொண்டு மாமா வேலை பார்க்கும் ஏலத்தோட்டத்துக்குப் போன மறுவாரமே பழைய தரையைக் கொத்திப் போட்டார்கள். "புதுசா ஒருத்தி வர்ற வீடு, பளபளன்னு இருக்கணும்ல?" என்று அத்தை என் காதுபடவே சொன்னாள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்பாவிடம் கேட்கவும் பயம்.

இன்று கொத்தனார் வந்தார். அத்தை டைல்ஸ் படங்களை நீட்டினாள். அப்பா வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

"டைல்ஸ் வேணாம். சிமெண்ட் தரையே போடுங்கண்ணே. மொழுமொழுன்னு தேய்ச்சிராம கொஞ்சம் சொரசொரப்பா விடுங்க."

"இந்தக் காலத்துல எவன்டா சிமெண்ட் தரை போடுறான்? இது என்ன மாட்டுக் கொட்டமா?"

"டைல்ஸ் வழுக்கும்க்கா. கம்பு ஊண்டி நடக்குறவ இருக்கா இந்த வீட்ல."

அத்தை டைல்ஸ் படங்களை மடக்கி எடுத்துக்கொண்டாள். நான் அடுப்படிக்குள் ஓடிப்போய் அழுதேன். போன வருஷம் ஏலக்காட்டு வேலைக்குப் போய் விழுந்து காலொடிந்த பிறகு கம்பு ஊன்றி நடப்பது நீ மட்டும்தானே.

'இருந்தா' என்று அப்பா சொல்லவில்லை அம்மா, 'இருக்கா' என்றார். கூப்பிட வருவதற்குத்தான் அவருக்கு வெட்கம்.

தரை காய ஒரு வாரம் ஆகுமாம். காய்ந்ததும் போடிமெட்டில் கீழே வரும் ஜீப்பு ஏறிவிடு. அதுவரை வேண்டுமானால் கோபமாக இருந்துகொள்.

உன் மகள்