மாலை கழற்றிய மறுநாள்

ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள் பள்ளிப்பட்டு பஸ்ஸில் என் பக்கத்தில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். மொட்டைத் தலையில் முந்தின நாள் பூசிய சந்தனம் காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது. வாயைத் திறந்தால் பிராந்தி வாடை. சந்தனமும் சரக்கும் கலந்த அந்த வாடை மூக்கில் ஏறியதும் எனக்கு உன் ஞாபகம் வந்து கண் நிறைந்துவிட்டது. நீ இறந்துபோன செய்தி மாசியில் வந்தது. உன்னை நினைத்துக் கண் கலங்க எனக்குக் கிடைத்த இடத்தைப் பார். அந்த மனிதர் பதறிப்போய், "இன்னாம்மா, நான் வேற சீட்டுக்குப் போவட்டா?" என்று கேட்டார். வேண்டாம், உட்காருங்கள் என்றேன்.

உன்னை 'நீ' என்று எழுதுவது இன்றைக்கும் எனக்குக் கொஞ்சம் கூச்சம்தான். நாம் இருவரும் அந்தக் குடி ஆய்வு வேலையில் ஒரே நாளில் சேர்ந்தோம். மெட்ராஸிலிருந்து வந்த டாக்டர் ஒருவர், எந்தத் தெருவில் எவ்வளவு குடிக்கிறார்கள், யாருக்கு ஈரல் கெடுகிறது என்று ஆராய வந்திருந்தார். வீடு வீடாகப் போய்க் கேட்பதற்கு உள்ளூர்ப் பெண்கள் வேண்டும் என்றார். நீ நெசவாளர் தெரு, நான் காலனி. வாயைத் திறந்தால் நான் 'வாங்க, போங்க' என்பேன். "அப்டிக் கூப்ட்டா நான் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, சொன்னபடியே காதில் விழாதவள் மாதிரி கடைத்தெரு முழுக்க முன்னால் நடந்துகொண்டே இருந்தாய். கடைசியில் கோபம் வந்து "ஏய், நில்லு" என்று கத்தினேன். திரும்பிச் சிரித்தாயே, அந்தப் பிடிவாதக்காரியை எனக்கு அன்றே பிடித்துப்போனது.

அரசாங்கம் சாராயக்கடைகளைத் திறந்துவிட்டிருந்த எண்பதுகளின் தொடக்கம் அது. எங்கள் காலனிக்குப் போக ஒரே வழி. அந்த வழியின் கழுத்தில் கடை. மார்க்கெட்டில் மூட்டை தூக்கிவிட்டு வரும் என் அண்ணன், கடையைத் தாண்டாமல் வீட்டுக்கு வர முடியாது. நாள் முழுக்க வெறும் வயிற்றில் வேலை பார்த்துவிட்டு, வெறும் வயிற்றிலேயே குடிப்பான். கடையை வேறு இடத்துக்கு மாற்றச் சொல்லி என் அம்மாவும் இன்னும் சில பெண்களும் ஆபீஸ் ஆபீஸாக அலைந்தார்கள். குடிக்கிறவன் எங்கே இருக்கிறானோ அங்கேதானே கடை வைக்க முடியும் என்று ஒருவர் சிரித்துக்கொண்டே சொல்லி அனுப்பினார். எனக்கு அந்தச் சிரிப்பு ஆறவே இல்லை. நெசவாளர் தெருவிலும் குடிக்கிறார்கள் என்று ஆய்வில் வந்துவிட்டால், அப்புறம் எந்த முகத்தோடு எங்கள் வழியில் மட்டும் கடை வைப்பார்கள்? அதனால் மற்றவர்களுக்கு அது சம்பள வேலை, எனக்கு அண்ணனுடைய உயிர். உனக்கும் அது தெரியும்.

இரண்டு தெருவிலும் மாற்றி மாற்றிக் கேளுங்கள், இங்கே ஒரு வீடு, அங்கே ஒரு வீடு என்றுதான் டாக்டர் சொல்லியிருந்தார். அவர் சொன்னது காகிதத்தில் நடக்கும். காலனிக்குள் போய்வந்த காலோடு உங்கள் தெருவில் யார் படியேற விடுவார்கள்? எனவே உங்கள் தெருவை முதலில் முடித்துவிட்டு எங்கள் தெருவுக்கு வந்தோம். இதில் யோசிப்பதற்கு ஒன்றும் இருப்பதாகவே நம் யாருக்கும் படவில்லை. கல்யாணப் பந்தியிலிருந்து தேர் இழுப்பதுவரை எல்லாம் அந்த வரிசைதானே. உங்கள் தெருவில் நீ உள்ளே போய்க் கேட்பாய். நான் தெருவில் நின்று எழுதிக்கொள்வேன்.

அது ஆடி மாதம். உங்கள் தெருவில் ஏறக்குறைய எல்லா ஆண்களும் கிருத்திகைக்கு மாலை போட்டிருந்தார்கள். கறி இல்லை, குடி இல்லை, செருப்புகூட இல்லை. நம் கேள்வியோ, போன வாரம் குடித்தீர்களா என்பது. முருகா முருகா என்று காதைப் பொத்திக்கொண்டார்கள். பொய்யும் இல்லை அது.

எங்கள் ஆட்களும் மாலை போட்டார்கள், காவடி எடுத்தார்கள், மலையேறி மொட்டை போட்டார்கள். கிருத்திகை முடிந்து மாலையைக் கழற்றி சாமி படத்துக்குப் போட்ட கையோடு கடையில் போய் நின்றார்கள். சரியாக அந்த வாரத்தில்தான் நாம் காலனிக்குள் நுழைந்தோம். யாரும் மறைக்கவில்லை. என் அண்ணன் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு, "ஆங், குடிச்சேன். நல்லா எழுதிக்கோ, தங்கச்சி கையால எழுதறதுக்குக் குடுத்து வெச்சிருக்கணும்" என்று சிரித்தான்.

டாக்டர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார். ஒரு தெரு முழுக்க ஒருத்தர்கூடவா குடிப்பதில்லை என்று நம்மையே கேட்டார். மறுநாள் விடிந்ததும் நீ எங்கள் வீட்டுக்கு ஓடிவந்தாய். குளிக்காமல், தலைகூட வாராமல் வந்திருந்தாய்.

"எங்க நைனா மாலய கழட்டிட்டு தறிக்குழியில பாட்ல வெச்சிகினு குடிக்கிறாருடி. தெருவே குடிக்கிது. நாம மால போட்டுகினு இருக்கசொல்ல போய்க் கேட்டுட்டு வந்துட்டோம்."

டாக்டரிடம் ஓடினோம். அவர் நல்ல மனிதர். தலையில் கை வைத்துக்கொண்டு, திரும்பப் போய்க் கேளுங்கள் என்றார். திரும்பப் போனால் உங்கள் தெரு அந்தத் தெருவாக இல்லை. காலனிக்குப் போய்வந்தவர்கள் என்று பாதிப் பேர் கதவைச் சாத்தினார்கள். குடியைக் கண்டுபிடிக்கத்தான் வந்திருக்கிறோம் என்று புரிந்து மீதிப் பேரும் சாத்தினார்கள். சாயங்காலம்வரை அலைந்தும் ஒரு வீட்டில்கூட வாய் திறக்கவில்லை. உன் முகம் அன்றைக்குச் சிவந்திருந்தது. என் கையைப் பிடித்துத் தரதரவென்று உன் வீட்டுக்குள் இழுத்துக்கொண்டு போனாய். வேண்டாம் வேண்டாம் என்றேன், நீ விடவில்லை. தெருவே வாசலில் கூடிவிட்டது.

உன் நைனா குழித்தறியில் கால் தொங்கவிட்டு நெய்துகொண்டிருந்தார். வீட்டுக்குள் நிற்கும் என்னைப் பார்த்தார், வாசலில் நிற்கிற ஊரைப் பார்த்தார். தறிச் சத்தம் நின்றது. மற்ற வீடுகளில் கேட்டது போலவே, குரல் மாறாமல் நீ கேட்டாய்.

"நைனா, போன வாரம் குடிச்சீங்களா?"

அவர் உன்னிடம் பதில் சொல்லவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னார்.

"குடிச்சேன்மா. தெனமும்தான் குடிக்கிறேன். எழுதிக்கோ."

நான் எழுதிக்கொண்டேன். நீ கல் மாதிரி நின்றாய். அவரை அடுத்து யாராவது வாயைத் திறப்பார்கள் என்று நீ எதிர்பார்த்தாய், நானும்தான். ஒருவரும் திறக்கவில்லை. வாசலில் கூடியவர்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். உனக்குக் கல்யாணம் பேசி வைத்திருந்த பாவா வீட்டில், பெற்ற அப்பனைச் சபையில் குடிகாரன் ஆக்கியவள் நாளைக்கு எங்கள் மானத்தையும் ஏலம் போடுவாள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். உன் அம்மா உன்னோடு வெகுநாள் பேசவில்லை. நைனா மட்டும் பேசினார். அதைச் சொல்லும்போதுதான் நீ அழுதாய், பாவாவைப் பற்றிச் சொல்லும்போது இல்லை.

ஒரு வீட்டை வைத்து ஒரு தெருவைப் பற்றி எழுத முடியாது என்று டாக்டர் வருத்தப்பட்டார். நடந்த குளறுபடியை அவர் அறிக்கையில் எழுதத்தான் எழுதினார். ஆனால் அதை எல்லாம் யார் படித்தார்கள்? காலனியில் குடி அதிகம் என்ற வாக்கியம் மட்டும் காற்று மாதிரி எல்லா ஆபீஸுக்கும் போய்ச் சேர்ந்தது. கடை இருந்த இடத்திலேயே இருந்தது. பல வருஷம் கழித்து அரசாங்கம் சாராயத்தையே நிறுத்தியபோதுதான் அது போனது. அண்ணன் அதுவரை இருக்கவில்லை.

அவனுக்குக் கண் மஞ்சளானபோது, வெயிலில் மூட்டை தூக்கினால் அப்படித்தான் என்றான். ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் கூலி போகும். வயிறு வீங்கிய பிறகுதான் வண்டியில் ஏற்றினோம். திரும்பி வரும்போது அவன் இல்லை. சாவு வீட்டில் எல்லோரும் ஒரே பேச்சுத்தான் பேசினார்கள்: குடித்தான், போனான். நானும் அதையேதான் நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு அவன் மேல் அவ்வளவு ஆத்திரம். பெற்றவளைத் தவிக்கவிட்டுப் போனானே என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை.

அப்போது நீ வந்தாய். உங்கள் தெருவிலிருந்து வந்தவள் நீ ஒருத்திதான். தரையில் என் பக்கத்தில் உட்கார்ந்தாய். விதி என்றோ, சாமி கூப்பிட்டுக்கொண்டது என்றோ நீ சொல்லவில்லை. எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாய்.

"எங்க நைனாவுக்கும் கண்ணு மஞ்சளாச்சிடி. அன்னிக்கே மெட்ராஸுக்குக் கூட்டிகினு போனோம். ஆறு மாசம் படுக்க வெச்சி சோறு போட்டோம். உங்க அண்ணன் குடிச்ச அளவு அவரும்தான் குடிச்சாரு. அவரு தறியில ஒக்காந்துகினு இருக்காரு."

அதைக் கேட்டபிறகுதான் எனக்கு அழுகை வந்தது. அப்படியே உன் மடியில் விழுந்தேன். அண்ணன் மேல் இருந்த ஆத்திரம் அன்றோடு போயிற்று, வேறு பக்கம் திரும்பிற்று. அதை ஆற்றிக்கொள்ள எனக்கு இன்னும் வழி கிடைக்கவில்லை. நீ இருந்தவரை அதைப் பங்கு போட்டுக்கொள்ள எனக்கு ஒரு ஆள் இருந்தது.

இப்போதும் எங்காவது கல்யாணத்தில், பஸ்ஸில், யாராவது என் அண்ணனைப் பற்றி, குடித்தே செத்தான் என்று சொன்னால் நான் சும்மா இருப்பதில்லை. இல்லை, அவன் காலனியில் இருந்ததால் செத்தான் என்று சண்டைக்குப் போகிறேன். அடுத்த வாக்கியத்துக்கு உன் நைனாவைத்தான் சாட்சிக்கு இழுக்கிறேன். நீ கோபித்துக்கொள்ள மாட்டாய் என்று தெரியும்.