மன்னியின் மடிப் புடவையும் குளிர்ப்பெட்டியும்

எங்கள் அகத்தில் கடைசி வார்த்தையைக் கடைசிவரை தன் வசம் வைத்திருந்த மன்னிக்கு,

உங்கள் கொழுந்தன் சீனு தெண்டன் சமர்ப்பித்து எழுதுவது. நீங்கள் இருக்கும் இடத்துக்குத் தபால்காரர் வருவாரா என்று தெரியாததால் பத்திரிகையில் போடுகிறேன். ஊரார் படிப்பார்கள், படிக்கட்டும். நம் வீட்டு விஷயம் உத்தர வீதிக்குத் தெரியாமல் இருந்தது எப்போது?

சங்கதி இதுதான். அண்ணாவுக்கும் சர்க்கரை வந்துவிட்டது. ஊசி போட்டே ஆக வேண்டும் என்று உங்களைப் பார்த்த அதே டாக்டர் சொல்லிவிட்டார். மருந்து வாங்கிக் குளிர்ப்பெட்டியில் வைத்துவிட்டேன். நேற்று வரை அண்ணா அந்தப் பக்கமே போகமாட்டேன் என்றார். நான் கெஞ்சினேன், அதட்டினேன், என் வழக்கப்படி ஹாஸ்யமாகவும் பேசிப் பார்த்தேன். வழக்கப்படியே யாரும் சிரிக்கவில்லை.

உங்களுக்கு ஊசி வந்த வருஷம் நினைவிருக்கிறதா? மருந்து எதிலிருந்து எடுக்கிறார்கள் என்று டாக்டர் ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்தினீர்கள். "சொல்லாதீங்கோ. தெரிஞ்சுண்டா போட்டுக்க மாட்டேன்." வெளியே வந்து என்னிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டீர்கள். நான் காப்பாற்றிய ஒரே ரகசியம் அதுதான், எனக்கே தெரியாததால்.

அந்தச் சித்திரையில் ஈரமணல் போட்ட பானைக்குள் மருந்துப் புட்டியைப் புதைத்துவைத்தோம். திருச்சி வெயிலுக்கு மணலாவது பானையாவது! சூடு பட்டால் மருந்து வெறும் தண்ணீர் என்று டாக்டர் பயமுறுத்தினார். உடனே அண்ணாவும் நானும் சத்திரம் பஸ் நிலையத்தில் இறங்கிக் கடைகடையாக ஏறினோம். ஒரு கடைக்காரர் காட்டிய பெட்டி மண்ணெண்ணெயில் ஓடுமாம். கீழே விளக்கு எரிந்தால் மேலே ஐஸ் கட்டுமாம். அண்ணா குனிந்து விளக்கைப் பார்த்தார், நிமிர்ந்து கடைக்காரரைப் பார்த்தார், என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். கரண்டுப் பெட்டியே போதும் என்று முடிவானது அப்படித்தான்.

வைக்கோல் சுற்றி மாட்டு வண்டியில் அது காவிரிப் பாலம் தாண்டி வந்து இறங்கியபோது, எதிரகத்து மாமி ஏதோ நகைப் பெட்டகம் என்று நினைத்து, நமக்குப் புதையல் கிடைத்ததாகத் திருவானைக்காவல் வரை சொல்லி அனுப்பிவிட்டாள். நீங்களோ வாசலை மறித்து நின்றீர்கள். நாலு பேர் கை படுகிற பெட்டி தளிகை பண்ணும் சமையலறைக்குள் வந்தால் பெருமாளுக்குத் தளிகை பண்ணமாட்டேன் என்றீர்கள். கடைசியில் நீங்களே தீர்ப்புச் சொன்னீர்கள். மருந்து தளிகை இல்லையாம், அதனால் பெட்டி கொல்லை வழி நடையில் இருக்கலாம், மருந்தைத் தவிர ஒரு கறிவேப்பிலைகூட உள்ளே போகக்கூடாது.

நடையில்தான் உங்கள் மடிக் கழியும் தொங்கியது. யாரும் தொடாமல் தோய்த்து, குச்சியாலேயே உயரத்தில் உலர்த்தி, மறுநாள் குச்சியாலேயே எடுத்துக் கட்டிக்கொள்ளும் உங்கள் ஒன்பது கஜப் புடவை அதில் தொங்கும்போது, அந்தப் பக்கம் மூச்சு விடவும் எங்களுக்குப் பயம். பெட்டி நின்றது சரியாக அந்தக் கழிக்குக் கீழே. பிளக் அங்கேதான் இருந்தது.

இது எப்படிக் குளிர்கிறது என்று ஒருநாள் கேட்டீர்கள். உள்ளே இருக்கிற சூட்டை உறிஞ்சிப் பின்னால் இருக்கும் கறுப்புக் குழாய் வழியாக வெளியே தள்ளுகிறது என்று, பாதி தெரிந்ததை முழுசாகத் தெரிந்தவன் மாதிரி சொன்னேன்.

"வம்பை இந்த ஆத்துலேர்ந்து எடுத்து அந்த ஆத்துலே கொட்டறாப்பல. உன் ஜோலின்னு சொல்லேன்" என்றீர்கள்.

ஐப்பசி வந்தது. அடைமழையில் புடவை எங்கே காயும்? ஆனால் உங்கள் புடவை மட்டும் மொறமொறவென்று காய்ந்தது. வீதியே பொறாமைப்பட்டது. மடியின் மகிமை என்று எதிரகத்து மாமிகூட ஒப்புக்கொண்டாள். நீங்கள் புடவையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டீர்கள்.

அப்புறம் உங்களுக்கு நாக்கு வறண்டது, தலை சுற்றியது. மருந்தும் தப்பவில்லை, பத்தியமும் தப்பவில்லை. ஒருநாள் நடையிலேயே சரிந்து உட்கார்ந்துவிட்டீர்கள். டாக்டர் வந்து பெட்டியைத் திறந்து புட்டியைத் தொட்டுப் பார்த்தார். காப்பி டம்ளர் மாதிரி வெதுவெதுப்பு. மோட்டாரோ மூச்சு வாங்குகிற மாதிரி ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது. டாக்டர் தன் மருந்தகத்திலிருந்து புது மருந்து தருவித்துப் போட்டுவிட்டுப் போனார்.

நான் சும்மா இருப்பேனா? கரண்டு குறைச்சல் என்றேன். உள்ளே காற்றுப் போய்விட்டது என்றேன். எதிரகத்து மாமியின் கண் என்றும் சொல்லிப் பார்த்தேன். பெட்டியின் பின்னால் எட்டிப் பார்க்க மட்டும் முடியவில்லை. பின்புறம் முழுக்க மடிப் புடவை தொங்கியதே! அண்ணா பெட்டியை வண்டி ஏற்றித் திருப்பி அனுப்பிவிடுவதாகக் குதித்தார். அனுப்பினால் மறுபடி பானைதான். பானையை நம்பி நீங்கள் அடுத்த கோடையைத் தாண்டமாட்டீர்கள் என்று மூன்று பேருக்கும் தெரியும்.

நீங்கள் படுத்தபடி அந்த மோட்டார் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தீர்கள்.

"சீனு, சூடு பின்னாலே வெளியே போனாத்தானே உள்ளே குளிரும்?"

"ஆமாம் மன்னி."

"நான் புடவை காயறதேன்னு கழியை இறக்கிக் குழாயோட ஒட்டித் தொங்கவிட்டேன். அது எப்படி மூச்சு விடும்? புடவையை எடுடா."

நான் மூலையில் குச்சியைத் தேடினேன்.

"குச்சி வேண்டாம். கையாலேயே எடு."

மன்னி, நீங்கள் நம் அகத்துக்கு வந்ததிலிருந்து நான் உங்கள் மடிப் புடவையைத் தொட்டது அன்று ஒருநாள்தான். மடி போயிற்று. கொதிக்கிற குழாயிலிருந்து அதை உருவி எடுத்தேன். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே குளிர் ஏறி, மோட்டார் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. அண்ணா தூணைப் பிடித்துக்கொண்டு அழுதார். நீங்களோ அந்தப் புடவையை மறுபடி தோய்க்க வேண்டுமே என்று கவலைப்பட்டீர்கள்.

அதற்கப்புறம் உங்களுக்கு எத்தனை தீபாவளி கிடைத்தது! என் பெண் கல்யாணத்தில் சம்பந்தியை நீங்கள் அதட்டியதை இன்னும் கைலாசபுரத்தில் அவர்கள் வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

இன்று கார்த்தாலே இதையெல்லாம் அண்ணாவிடம் சொல்லிப் பார்த்தேன். ஈஸிசேரில் கண்ணை மூடிக்கொண்டே கேட்டார். பிறகு, "அவளுக்கு இருந்த தைரியம் எனக்கு இல்லைடா. எனக்கெதுக்கு இதெல்லாம்? அவகிட்டயே போயிடறேனே" என்றார்.

மருந்தை எடுத்துவந்து அவர் முன்னால் நின்றேன். வாய் என்னைக் கேட்டா பேசுகிறது?

"மன்னி கூப்பிட்டாளா? கூப்பிடறதா இருந்தா எனக்கில்லே முதல்ல தகவல் வரும்? உங்ககிட்ட எந்த விஷயத்தை அவ நேரா சொல்லியிருக்கா?"

அண்ணா கண்ணைத் திறந்தார். சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது. அப்புறம் மேல்துண்டை விலக்கிப் புஜத்தை நீட்டினார். ஊசியை எங்கே குத்துவது என்று நான் தடுமாறியதில் அவர்தான் எனக்குத் தைரியம் சொல்ல வேண்டியதாயிற்று.

இனி தினமும் கார்த்தாலே நானே போடுகிறேன் மன்னி, ஒருநாளும் தவறமாட்டேன். அவரை இப்போதைக்கு அனுப்புவதாக இல்லை. நீங்கள் அங்கே இன்னும் கொஞ்சகாலம் தனியாகவே இருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பேச்சை ஒருநாளும் மீறத் தெரியாத கொழுந்தன்,
சீனு