குறை எனக்கென்று நீங்கள் சொன்ன நாள்

அலுமாரியின் மேல்தட்டைத் துப்புரவாக்கும்போது, கொழும்புப் பயணங்களுக்கு நாம் கொண்டுபோகும் கபில நிறப் பை கைக்கு வந்தது. அதன் சிப்பை இழுத்துத் திறந்ததும் யூக்கலிப்டஸ் தைலத்தின் மணம். பஸ் ஏறினாலே தலையிடிக்கிறது என்று நெற்றியில் தடவிக்கொள்வீர்களே, அதே தைலம். போத்தல் எப்போதோ தீர்ந்துவிட்டது. மணம் மட்டும் துணியில் ஊறிக் கிடந்தது. பையை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் இருந்துவிட்டேன். நீங்கள் மௌத்தாகி என்னை விட்டுப் போன பிறகு உங்களோடு நேராகக் கதைக்க எனக்குத் துணிவு வரவில்லை, மச்சான். இன்றைக்குக் கதைக்கிறேன்.

கலியாணம் முடித்து நீங்கள் என் சீதன வீட்டுக்குக் குடிவந்து சில வருடங்கள் போனதும் கேள்விகள் தொடங்கின. கலியாண வீட்டில் கேட்டார்கள், பெருநாளைக்குப் போன வீட்டில் கேட்டார்கள், மையித்து வீட்டில்கூட அழுகைக்கு நடுவில் ஒருத்தி என் காதுக்குள் கேட்டாள். "இன்னும் ஒண்டும் இல்லையா புள்ள?" எல்லோரும் என்னைத்தான் கேட்டார்கள். நெல் வாங்கும் கம்பனியில் களஞ்சியப் பொறுப்பாளராக இருந்த உங்களிடம் கல்முனையில் ஒருவரும் கேட்டதில்லை.

மாதாமாதம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நான் சுருண்டு கிடப்பதைக் கண்டு நீங்கள்தான் கொழும்புக்குக் கூட்டிப்போனீர்கள். அந்தப் பெண் டொக்டர் எனக்கு ஸ்கேன் எழுதிவிட்டு, உங்களுக்கும் ஒரு பரிசோதனை எழுதினார். உங்கள் முகம் சிவந்தது. ஆனாலும் மறுக்கவில்லை. என் சூலகத்தில் கட்டி இருந்தது. உங்கள் பரிசோதனை முடிவையும் டொக்டர் மெதுவாக விளங்கப்படுத்தினார். வெளியே வந்து ஆஸ்பத்திரிக் கன்டீனில் இருந்தோம். பிளேன்ரீக் கோப்பையை நீங்கள் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தீர்கள், தேத்தண்ணீர் ஆறிப்போனது.

"உன்னவிட எனக்குத்தான் கூடக் குறை இரிக்கி. ஊரு உன்னத்தானே இவ்வளவு நாளும் கேட்டுது" என்றீர்கள்.

"அதை ஏன் இப்ப யோசிக்கிறீங்க? அல்லாஹ் தந்தா ரெண்டு பேருக்கும்தானே" என்றேன்.

கட்டியை எடுக்கச் சத்திரசிகிச்சை நடந்தது. கம்பனி தன் ஊழியர்களுக்கு எடுத்துக் கொடுத்திருந்த காப்புறுதியில் மனைவியின் ஆஸ்பத்திரிச் செலவும் அடங்கும் என்ற தைரியத்தில்தான் போனோம். ஊருக்கு வந்து கொஞ்ச நாளில் மறுப்பு வந்தது. குழந்தையின்மைக்கான சிகிச்சை இந்தக் காப்புறுதியில் அடங்காது என்று எழுதியிருந்தார்கள். ஆஸ்பத்திரியில் எழுதித் தந்த துண்டில், பிள்ளையில்லாமல் வந்த தம்பதி என்று ஒரு வரி இருந்ததுதான் காரணம். காப்புறுதிப் புத்தகத்தை நீங்கள் அடியிலிருந்து முடிவரைக்கும் வாசித்தீர்கள். எதுவெல்லாம் அடங்கும் என்பது பெரிய எழுத்தில் முன்னாலும், எது அடங்காது என்பது கடைசிப் பக்கத்திலும் இருந்தது. கையெழுத்து வைக்கும்போது நாம் அந்தப் பக்கத்தைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை.

காப்புறுதிக் கம்பனியின் கிளைக் காரியாலயத்துக்கு என்னையும் கூட்டிப் போனீர்கள். மோட்டார் சைக்கிளுக்குக் காப்புறுதி புதுப்பிக்க வந்தவர்கள் சுவரோரம் போட்டிருந்த நீள வாங்கில் நெருங்கி உட்கார்ந்திருந்தார்கள். அதில் பாதி தெரிந்த முகங்கள். மேசைக்குப் பின்னால் இருந்தவரும் நம் பக்கத்து ஆள்தான். கெட்ட மனிதரில்லை, இரக்கத்தோடுதான் கதைத்தார். ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி கதைத்தார்.

"உங்கட பொஞ்சாதிக்குப் புள்ள தங்கல்ல, அதுக்குத்தானே செஞ்சீங்க? அதுக்கு இதுல தர ஏலா நானா."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். முந்தானையை இழுத்து முகத்தை மூடவேண்டும் போல இருந்தது. அப்போது உங்கள் குரல் கேட்டது. உயரவுமில்லை, நடுங்கவுமில்லை.

"புள்ள இல்லாததுக்கு அவவ விட நான்தான் கூடக் காரணம். குறை எனக்கு. டொக்டர் சோதிச்சுச் சொன்னது. அவட வயித்துல இருந்தது வலி தாற கட்டி. கலியாணம் முடிக்காத பொம்புளைக்கும் அது வரும். வந்தா வெட்டி எடுக்கத்தான் வேணும். ரெண்டையும் ஒண்டாக் கட்டாதீங்க."

வாங்கில் இருந்தவர்கள் நம் பக்கம் திரும்பினார்கள். அந்த மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, என்ன நோய்க்காகச் செய்தது என்பதைத்தான் தலைமைக் காரியாலயத்தில் பார்ப்பார்கள் என்றும், வலிக்காகச் செய்ததென்றால் அதை டொக்டரிடம் எழுதி வாங்கி மேன்முறையீடு செய்யலாம் என்றும் சொன்னார். டொக்டர் உள்ளதை உள்ளபடி எழுதித் தந்தார். சத்திரசிகிச்சைச் செலவை ஏற்றுக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகுதான் சோதனைக் குழாய்க் குழந்தைக்கான சிகிச்சை. அது எந்த வழியிலும் அடங்காது என்று நமக்குத் தெரிந்திருந்தது. வேறு நோய் என்று எழுதி வாங்கலாம் என்று உங்கள் சிநேகிதர் ஒருவர் வழி சொன்னார். "புள்ளைய ஒரு பொய்யில இருந்து தொடங்க ஏலா" என்று அந்தக் கதையை முடித்துவிட்டீர்கள். கையில் இருந்ததைக் கொண்டு ஒருமுறை செய்தோம். சரிவரவில்லை. டொக்டரின் தொலைபேசி அழைப்பு வந்தபோது நான் குசினியில் நின்றேன். நீங்கள் என்னிடமிருந்து அகப்பையை வாங்கி, அடுப்பை அணைத்து, என்னைத் தரையிலேயே இருத்தி என் பக்கத்தில் இருந்தீர்கள். பொழுது பட்டு மஃரிப் பாங்கு சொல்லும் வரைக்கும் இருவரும் எழும்பவில்லை.

கிளையில் சொன்ன வார்த்தை அன்றைக்கே ஊர் முழுக்கப் போயிருந்தது. உங்களுக்கு மூத்த பிறப்பான ராத்தா அழுதுகொண்டு வந்தா. "ஆம்புள ஒருத்தன் நாலு பேருக்கு முன்னால இப்படிக் கதைக்கிறதா? வாப்பா இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பார்?"

"அவ இவ்வளவு காலமும் என்ட பேரால ஏச்சு வாங்கினவ ராத்தா. இனி என்ட பேரால நான் வாங்குறன்" என்றீர்கள். ராத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பினா. போகும்போது என் தலையைத் தடவிவிட்டுப் போனா. பிறகு என்னை ஒருவரும் கேட்கவில்லை. உங்களைப் பார்த்துச் சிலர் சிரித்தார்கள் என்று எனக்குத் தெரியும். நீங்கள் வீட்டுக்குள் அதைக் கொண்டுவந்ததே இல்லை.

நீங்கள் மௌத்தான அன்று நாவிதன்வெளிப் பக்கம் வேளாண்மை வெட்டு நடந்துகொண்டிருந்தது. லொறியில் நெல் ஏற்றுவதைப் பார்க்கப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தீர்கள். ஆஸ்பத்திரிக்கு உயிரோடு போய்ச் சேரவில்லை. ஜனாஸாவில் உங்களுக்காக ஓத ஒரு பிள்ளை இல்லையே என்று ஒருத்தி சொன்னாள். உங்களை அடக்கம் செய்ய ராத்தாவின் மகன்மார் கபுறுக்குள் இறங்கினார்கள். நான் ஓதுகிறேன். ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் ஓதுகிறேன்.

போன கிழமை மாவடிப்பள்ளியிலிருந்து ஒரு இளம் பெண் வந்தாள். யாரோ நம் காப்புறுதிக் கதையை அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். தன் மாப்பிள்ளையின் கம்பனிக் காப்புறுதிப் புத்தகத்தைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக் கொண்டுவந்திருந்தாள். கடைசிப் பக்கத்தை எடுத்து, சிகிச்சைக்குப் போகுமுன் இதைக் காப்புறுதிக் காரியாலயத்தில் கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள், பிள்ளைக்கான சிகிச்சை வேறு, உடம்பில் உள்ள நோய்க்கான சிகிச்சை வேறு என்று விளங்கப்படுத்தினேன். எல்லாம் கேட்டுவிட்டு எழும்பினாள்.

"நாளைக்கு அவரையும் கூட்டிட்டு வாங்க" என்றேன்.

"அவர் வெக்கப்படுவார் ராத்தா" என்றாள் என்னிடம்.

"ஓம். என்ட மச்சானும் வெக்கப்பட்டவர்தான். ஆனா வந்தவர்."

அந்தக் காரியாலயத்தில் என் பக்கத்தில் நின்ற உங்கள் குரல்தான் எனக்கு மிஞ்சியது. அதைக் கொண்டுதான் என்னிடம் வருகிறவர்களோடு கதைக்கிறேன்.

அவள் வந்துபோன மறுநாள் அஸர் தொழுகைக்குப் பிறகு வாசலில் இரண்டு சோடிச் செருப்புகள் கிடந்தன.