எந்த வகை அடைப்பு?

திருநகர், மதுரை
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் பவதாரிணிக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் டப்ளினில் நலமாக இருக்க வேண்டும். இங்கே நான் நலம். அம்மா தேறிவருகிறாள் என்பது வரைதான் உண்மைக்கு உட்பட்டு எழுத முடிகிறது. வாசல் வரை நடக்கிறாள், பேச்சு தெளிந்துவிட்டது, வலது கை மட்டும் இன்னும் சொன்னபடி கேட்கவில்லை. சிகிச்சையைத் தாமதப்படுத்தியதாக மருத்துவர் சுபலட்சுமிக்கு நோட்டீஸ் அனுப்பச் சொல்லியிருந்தாய். அனுப்பமாட்டேன். தாமதம் அவருடையதன்று, என்னுடையது. போனில் சொன்னால் என் பக்கத்துக்கு வாதாடிவிடுவேன் என்பதால் எழுத்தில் தருகிறேன்.

அன்று அம்மா கையிலிருந்து தோசைக்கரண்டி நழுவியதும் உடனே காரில் ஏற்றிவிட்டேன். விடியும்போதே கை மரத்திருந்ததாக வழியில்தான் சொன்னாள். பக்கவாதத்துக்கான ஊசியை அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், ஆகவே மிஞ்சியிருந்த நேரம் குறைவு. ஸ்கேன் பார்த்த மருத்துவர், மூளையின் ஆழத்தில் ஒரு மெல்லிய ரத்தக்குழாய் அடைத்திருக்கிறது, கசிவு இல்லை, அடைப்பைக் கரைக்கும் ஊசி போட வேண்டும் என்று ஒப்புதல் படிவத்தை நீட்டினார். அந்த ஊசியால் மூளையில் ரத்தம் கசியவும் கூடும் என்ற வரியில் என் கண் நின்றது. எந்த வகை அடைப்பு என்று எழுத்தில் தாருங்கள் என்றேன். "சார், பிரஷர்ல அந்தக் குழாயே தடிச்சு அடைச்சிருக்கலாம், பெரிய குழாயில இருந்து அது பிரியுற வாயில கொழுப்பு அடைச்சிருக்கலாம், அதையெல்லாம் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பிறகு பிரிச்சுப் பார்ப்போம், எதுவா இருந்தாலும் இப்ப ஊசி ஒண்ணுதான்" என்று அவர் பொறுமையாகவே சொன்னார். கசிவா அடைப்பா என்ற ஒரே வேறுபாடுதான் அந்நேரத்துக்குத் தேவை, அது தீர்ந்திருந்தது. நானோ தீராததைப் பிடித்துக்கொண்டு, சென்னையில் இருக்கும் மருத்துவ நண்பருக்குப் போன் செய்துவிட்டு, அவர் திரும்ப அழைக்கும்வரை காத்திருந்தேன். படுக்கையிலிருந்து அம்மா குழறிய வாயால், "கையெழுத்தப் போடுங்க, எம்புட்டு நேரந்தான் படிப்பீங்க" என்றாள். கேட்ட பிறகும் படித்தேன். நண்பர் அழைத்து, உடனே போடுங்கள் என்று கடிந்துகொண்டபோது ஊசிக்குரிய நேரம் கடந்துவிட்டது.

பிறகு எடுத்த எம்.ஆர்.ஐ.யில், கிளை பிரியும் வாயில் ஏற்பட்ட அடைப்பு என்று தெரிந்தது. முதல் சில நாட்களில் மேலும் மோசமாகக் கூடிய வகை. அசைந்துகொண்டிருந்த விரல்களும் மறுநாள் நின்றன. ஊசி போட்டிருந்தால் கை முழுதும் தேறியிருக்கும் என்று மருத்துவரும் உறுதி சொல்லவில்லை. கோர்ட்டில் சந்தேகத்தின் பலனை எத்தனையோ பேருக்கு வாங்கித் தந்திருக்கிறேன், எனக்கு அதை எடுத்துக்கொள்ள மனம் வரவில்லை. அம்மா ஒரு முறையும் குறை சொன்னதில்லை. பார்க்க வந்த செல்லத்தாய் அத்தையிடம் மட்டும், "எங்க வக்கீலய்யா ஊசிக்கே வாய்தா வாங்குனவருல்ல" என்று சிரித்தாள். அத்தையும் சிரித்தாள். நான் காபி எடுத்துவருவதுபோல் உள்ளே போய்விட்டேன்.

மருத்துவரைப் பற்றி இணையத்தில் நீ எழுதியதை இன்றே நீக்கிவிடு. உனக்கும் பிரஷர் எல்லையில் நிற்கிறது, மாத்திரையைத் தவறவிடாதே. அழகர் உங்கள் இருவருக்கும் துணையிருக்க எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
உன் அப்பா
அழகுபாண்டி

பி.கு.: அம்மா தன் பெயரைத் தானே, வலது கையாலேயே, எழுதுவேன் என்கிறாள். கீழே இடம் விட்டிருக்கிறேன். எவ்வளவு நேரமானாலும் தாள் நகராமல் பிடித்துக்கொள்வேன்.