பத்தாவது பெயர்

மார்ச் 3, செவ்வாய்

காற்று தணிந்துவிட்டது. மழைக்காலம் முடிந்து எதிர்க்கரை மெர்சிங்கிலிருந்து முதல் படகு. அரிசி, மண்ணெண்ணெய், சாக்குக்கட்டி இரண்டு பெட்டி. ஒரு கடிதமும். அடுத்த வாரம் பள்ளி இன்ஸ்பெக்டர் வருகிறார். பத்துப் பிள்ளைகளாவது இல்லையென்றால் இந்தத் தீவுப் பள்ளியை மூடிவிட்டு என்னைக் கூலாய்க்கு மாற்றுவார்களாம்.

என்னிடம் ஒன்பது பேர்.

மனைவி சிவகாமியிடம் படித்துக் காட்டினேன். “கூலாய்ல கடைத்தெரு இருக்கு, ஆஸ்பத்திரி இருக்கு. நல்லதுதானங்க?” இரண்டு வருடம் முன்பென்றால் நானே துள்ளியிருப்பேன். இன்று சோறு இறங்கவில்லை.

மார்ச் 4, புதன்

வெயில். பள்ளி வயதில் இன்னும் ஒரே ஒரு பிள்ளை மிச்சம். பூங்காவனம், எட்டு வயது. தாய் அஞ்சலை தோட்டத்தில் தேங்காய் உரிக்கிறாள். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்வது இவள். சாயங்காலம் தோட்டத்து லயத்தில் அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

“இவ வந்துட்டா புள்ளைய யாரு பாக்குறது வாத்தியாரையா? நீங்களா?”

“தூக்கிட்டு வரட்டும்.” யோசிக்காமல் சொல்லிவிட்டேன்.

“அழுவானே.”

“ஒம்பது பேரு கத்துறதவிடவா?”

சிரித்துவிட்டாள். அதுவே சம்மதம்.

மார்ச் 5, வியாழன்

வந்துவிட்டாள், இடுப்பில் தம்பியோடு! சிவகாமி தன் பழைய சேலையை உத்தரத்தில் தூளியாகக் கட்டினாள். பிள்ளைகள் முறை போட்டு ஆட்டுகிறார்கள். வாய்ப்பாடு சொன்னால் தூங்குகிறான். ஏழாம் வாய்ப்பாட்டில் கண் சொக்கியது. எட்டாவதை எல்லோரும் கிசுகிசுப்பாகச் சொன்னார்கள். இப்படி ஓர் அமைதியை இந்தப் பள்ளியில் நான் கேட்டதே இல்லை.

பதிவேட்டில் பத்தாவது பெயர். எழுதும்போது மை சிந்திவிட்டது. போகட்டும்.

செய்ய வேண்டியவை: கூரையில் இரண்டு கீற்று. வகுப்புப் பையன் முத்தனுக்கு நகம் வெட்டுவது. என் கோட்டுக்குப் பொத்தான்.

மார்ச் 11, புதன்

என்ன நாள்!

இன்ஸ்பெக்டர் வந்தபோது கடல் வற்றிக் கிடந்தது. பவளப்பாறைக்கு அப்பால் படகு நின்றுவிட்டது. படகுக்காரர் பாக் மாட் கையை விரித்தார்: “ஆயிர் சூருட், துவான்! தண்ணி இல்ல ஐயா!” நீர் ஏறச் சாயங்காலமாகும். இருட்டுமுன் இன்ஸ்பெக்டர் மெர்சிங் திரும்ப வேண்டும். படகைத் திருப்பச் சொல்லிக் கைகாட்டுவது தெரிந்தது.

பூங்காவனம் என்னைப் பார்த்தாள். தம்பியை இடுப்பில் ஏற்றிக்கொண்டு கடலில் இறங்கினாள். பின்னால் ஒன்பது பேரும், தலைமேல் சிலேட்டோடு. கடைசியில் நான், கோட்டோடு. மணல் வழி அவர்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது, காலில் இரண்டு கீறல்.

படகைச் சுற்றி இடுப்பளவு நீரில் வகுப்பு. இன்ஸ்பெக்டர் யாழ்ப்பாணத்துக்காரர், முறைத்த முகம். குனிந்து எண்ணினார்.

“பத்து எண்டு எழுதியிருக்கு. பதினொரு தலை எல்லே தெரியுது? இவர் எந்த வகுப்பு?”

“தூளி வகுப்புங்கய்யா,” என்றாள் பூங்காவனம்.

ஒரு கணக்குப் போட்டார். எழுதி முடிப்பதற்குள் அலை. முத்தன் சிலேட்டைத் தூக்கிக் காட்டினான். “விடை சரிங்கய்யா, கடலு அழிச்சிருச்சு!” மனிதர் படகு ஆட ஆடச் சிரித்தார்.

ஆனால் முடிவு கடிதத்தில் வரும் என்று படகைத் திருப்பச் சொல்லிவிட்டார்.

மார்ச் 25, புதன்

இரண்டு வாரமாகத் தூக்கமில்லை. இன்று படகு. கடிதத்தைப் பிரித்தேன். பள்ளி நடக்கும்! நான் இங்கேயே! புதுக் கரும்பலகை ஒன்றும் அனுப்பியிருக்கிறார்.

“அப்ப கூலாய் இல்லியா?” சிவகாமி முகத்தை உம்மென்று வைத்திருந்தாள். அது ஒரு நிமிடம்கூடத் தாங்கவில்லை. “இருங்க, அஞ்சலைகிட்டச் சொல்லிட்டு வந்துர்றேன்!” ஓடியே போனாள்.

இறக்கும்போது கரும்பலகை நழுவிக் கடலில். “அலமாக்!” என்று பாக் மாட் தலையில் கைவைத்தார். பலகை மிதந்தது. பத்துப் பேரும் குதித்தார்கள். எடுக்கவா? ஏறி உட்கார!

“வாத்தியாரையா, நீங்களும் வாங்க! தாங்கும்!”

வேட்டியை மடித்துக் கட்டினேன். ஏறினேன்.

தாங்கவில்லை.